பாக்கி நூற்று நாற்பது கிலோமீட்டர்

நண்டூத்து ஊரில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் மூன்று பேரிடம்தான் போய்க் கேட்பார்கள். மூத்தவர் தவசிக்கண்ணு, நடுவுள்ளவர் பூலோகம், இளையவர் கொம்பையா. மூவரும் கூடப்பிறந்தவர்கள். ஊரில் பாதி நஞ்சை அவர்களுடையது. நஞ்சை வைத்திருப்பவர் சொல்வது தப்பாக இருக்காது என்று அந்த ஊர் உறுதியாக நம்பியது. அதனால் அவர்கள் சொன்ன எதுவும் அதுவரை தப்பானதில்லை.

ஒரு கோடையில் ஊர்ப் பொதுக்கிணற்றைப் பார்க்க வந்த மெக்கானிக், "தண்ணி மூணு அடி கீழ போயிட்டுது" என்று சொல்லிவிட்டுப் போனான். சகோதரர்கள் கூடிப் பேசினார்கள். கிணற்றைச் சுற்றியிருந்த மூன்றடிக் கைப்பிடிச் சுவரை இடித்துத் தள்ளச் சொன்னார்கள். இப்போது மேலிருந்து பார்த்தால் தண்ணீர் பழைய தூரத்தில்தான் இருந்தது. ஊர் அசந்து போனது. அந்த வாரமே ஓர் ஆடு உள்ளே விழுந்தது. அது ஆட்டின் கவனக்குறைவு என்று மூவரும் தீர்ப்புச் சொன்னார்கள்.

இந்த மூவருக்கும் ஒரே தங்கை, ஆவுடையம்மாள். புருஷன் இல்லை. ஒரே மகன் இளம்பரிதி, மேற்கே வெள்ளியங்கோட்டையில் ஒரு நூல் மில்லில் இன்ஜினியர். அங்கேயே வேலை பார்த்த சுகந்தி என்ற பெண்ணை அவனுக்குப் பிடித்துப் போயிற்று. அவளுக்கும் அவனைப் பிடித்துப் போயிற்று. பிடிக்காமல் போனது அவள் அப்பா குழந்தைசாமிக்குத்தான். வெள்ளியங்கோட்டையில் அவருக்குப் பெரிய பெயர். எந்த விசேஷமானாலும் அவருக்கு முதல் வரிசையில் நாற்காலி போட வேண்டும். போடாவிட்டால் அந்த விசேஷமே நடக்கவில்லை என்று சொல்லிவிடுவார்.

இரண்டு வருடம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். "பையனுக்கு அப்பா இல்லைங்க. சரி. தாய்மாமனுங்க சீரோட வந்து, முறையாத் தட்டு மாத்தோணும். வியாழக்கிழமை நிச்சயதார்த்தம், பத்தரைக்கு முகூர்த்தம் ஆரம்பிக்குது, பதினொன்றரைக்கு முடியுது. அதுக்குள்ள வரலைன்னா என்ற அக்கா பையன் ரெடியா இருக்கறானுங்க."

அக்கா பையன் நிஜமாகவே ரெடியாகத்தான் இருந்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்திருந்தான்.

ஆவுடையம்மாள் முன்னாலேயே மகனோடு போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பரிதி மாமன்களுக்குப் போன் செய்தான். தவசிக்கண்ணு போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலின் நடுவே வைத்தார். தம்பிகள் இரண்டு பேரும் குனிந்து, போனைப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள்.

"மாமா, பஸ்ஸுல வராதீங்க. ரோட்டு வழி நானூறு கிலோமீட்டர், ஒன்பது மணி நேரம் ஆகும். முத்தாரம்பட்டினம் ஏர்போர்ட்டுல இருந்து டிக்கெட் போட்டுட்டேன். ஆகாய வழின்னா இருநூத்தி அறுபது கிலோமீட்டர்தான். ஐம்பது நிமிஷத்துல வந்துடலாம். வியாழக்கிழமை காலைல எட்டு நாற்பதுக்கு விமானம். சாமான் ஆளுக்குப் பதினைஞ்சு கிலோ. எதையும் மறந்துடாதீங்க."

"மறக்க மாட்டோம்டே" என்றார் தவசிக்கண்ணு.

அது உண்மை. சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அவர்கள் மறக்க மாட்டார்கள். அவர்களிடம் இருந்த பெரிய தொந்தரவே அதுதான்.

போன் அணைந்தது. கொம்பையா தாடையைத் தடவிக்கொண்டே ஆரம்பித்தார்.

"அண்ணே, ஊருக்கும் ஊருக்கும் நானூறு கிலோமீட்டர்னு சொன்னானா?"

"சொன்னான்."

"பிளேனு இருநூத்தி அறுபதுதான் போகும்னு சொன்னானா?"

"அதையும் சொன்னான்."

"அப்ப பாக்கி நூத்தி நாற்பது கிலோமீட்டரை யாரு போறது?"

தவசிக்கண்ணு நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்படி ஒரு பெரிய ஓட்டை இருப்பதைத் தன் மருமகன் கவனிக்காமல் விட்டது அவருக்கு வருத்தமாக இருந்தது. இன்ஜினியருக்குப் படித்த பையன்.

பூலோகம் வேறு கோணத்தில் யோசித்தார். "ஒருவேளை மேல ஆகாசம் சுருங்கிக் கிடக்கோ என்னவோ."

"ஆகாசம் எப்படிலே சுருங்கும்? அது என்ன துவைச்ச துணியா?"

"வெயில்ல கிடக்குல்லா அண்ணே. வருஷக்கணக்கா."

இதை மறுக்க முடியவில்லை. ஆனாலும் தவசிக்கண்ணு ஒப்புக்கொள்ளவில்லை. "சுருங்குச்சோ சுருங்கலையோ, நம்ம நிலம் சுருங்கலை. நானூறுன்னா நானூறு போயே ஆகணும். வழியில பாக்கி வச்சுட்டுப் போயி, சம்பந்தி முன்னால முழிச்சுக்கிட்டு நிக்க முடியாது. அந்த நூத்தி நாற்பதை நாம முதல்லயே போயி முடிச்சிடுவோம். அப்புறம் பிளேனுல ஏறி உட்காந்தா, இருநூத்தி அறுபது முடியுற இடத்துல மண்டபத்து வாசல் வந்திரும்."

தம்பிகள் அண்ணனைப் பெருமையோடு பார்த்தார்கள்.

மறுநாள் காலையில் வேன் வைத்திருக்கும் சவரிமுத்துவைக் கூப்பிட்டார்கள். அவன் வண்டியைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான்.

"எங்க போகணும் அண்ணாச்சி?"

"நூத்தி நாற்பது கிலோமீட்டர்."

"அது சரி, எந்த ஊருக்கு?"

"ஊரெல்லாம் வேண்டாம். தூரம் மட்டும் போதும்."

சவரிமுத்து இருபது வருஷமாக நண்டூத்தில் வேன் ஓட்டுகிறவன். மேற்கொண்டு கேட்டால் பதில் வரும் என்று அவனுக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை. குளத்தைச் சுற்றி மண்பாதை இருந்தது. அதில் ஓட்டினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுப் பக்கமாக நிறுத்திக்கொள்ளலாம் என்று கொம்பையா யோசனை சொன்னார். மூவரும் ஏறினார்கள். வேன் குளத்தைச் சுற்ற ஆரம்பித்தது.

"வலமாப் போ சவரி" என்றார் பூலோகம். "வலமாப் போனாத்தான் தூரம் கூடும். இடமாப் போனா கழிஞ்சிரும்."

ஒரு சுற்றில் பாதையின் குறுக்கே மாடுகள் படுத்துவிட்டதால் சவரிமுத்து வண்டியைத் திருப்பி இடமாக ஒரு சுற்று வந்துவிட்டான். மூவரும் பதறிப்போனார்கள். கழிந்துபோன சுற்றுக்கு ஒன்று, போகாத சுற்றுக்கு ஒன்று என்று கூடுதலாக இரண்டு சுற்று வரச் சொன்னார்கள்.

மத்தியானம் வரை ஊர்க்காரர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அப்புறம் யாரோ, இது சம்பந்தம் கூடி வருவதற்கான நேர்த்திக்கடன் என்று கிளப்பிவிட்டார்கள். வெயில் தாழ்ந்தபோது வேன் வரும்போதெல்லாம் குளத்து மேட்டில் நின்று பெண்கள் கும்பிட ஆரம்பித்தார்கள். ஒரு வீட்டில் சூடம் கொளுத்தினார்கள். சகோதரர்களும் ஜன்னல் வழியாகப் பதிலுக்குக் கும்பிட்டுக்கொண்டே போனார்கள். மைல் மீட்டரில் நூற்று நாற்பது ஓடி முடிந்தபோது மூன்று பேருக்கும் இடுப்பு கழன்றிருந்தது. வேனை விட்டு இறங்கி, புறப்பட்ட அதே இடத்தில் நின்று, "பாதி வேலை முடிஞ்சது" என்றார் தவசிக்கண்ணு.

அடுத்தது சாமான். மருமகன் ஆளுக்குப் பதினைந்து கிலோ என்று சொல்லியிருந்தான். பழம், வெற்றிலை, மஞ்சள், பட்டுச் சேலை எல்லாம் பூலோகத்தின் பையில் வைத்ததும் சரியாகப் பதினைந்து வந்தது. தேங்காயும் கருப்பட்டியும் கொம்பையாவின் பையில். இரண்டு சிப்பம் கருப்பட்டியைக் கூடப் போட்டு அதையும் பதினைந்தாக்கினார்கள். தவசிக்கண்ணுவின் பையில் இரண்டு வேட்டியும் ஒரு சால்வையும் தாம்பாளத் தட்டும்தான். தராசில் தூக்கிப் பார்த்தால் ஒன்பதுதான் காட்டியது.

"ஆறு கிலோ குறையுதே" என்றார் கொம்பையா கவலையோடு.

"குறைஞ்சா ஏத்த மாட்டானா?" என்று கேட்டார் பூலோகம்.

"பதினைஞ்சுன்னு சொல்லியிருக்கான். ஒன்பதைக் கொண்டு போயி நீட்டினா, நம்மளை என்னன்னு நினைப்பான்?"

வீட்டில் தேடினார்கள். சரியாக ஆறு கிலோவுக்கு ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. அடுக்களையில் கிடந்த அம்மிக்குழவி. அதைத் துடைத்து, சால்வையில் சுற்றி வைத்தார்கள். முள் பதினைந்தில் நின்றது.

முத்தாரம்பட்டினம் விமான நிலையம் மூன்று தடவை திறந்து வைக்கப்பட்டது. ஒரு தடவை அடிக்கல்லுக்காக, ஒரு தடவை கட்டடத்துக்காக, ஒரு தடவை தேர்தலுக்காக. மூன்று கல்வெட்டும் வாசலில் பளபளவென்று இருந்தன. விமானம் மட்டும் ஒன்றுதான். அதுவே காலையில் போகும், அதுவே திரும்பி வரும், அதுவே மறுபடி சாயங்காலமும் போய் வரும். அந்த ஒன்றைப் பார்த்துக்கொள்ள உள்ளே ஒரு கல்யாணக் கூட்டம் அளவுக்கு ஆட்கள் இருந்தார்கள். எல்லாரும் வாக்கிடாக்கியில் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவே ஒரு கண்ணாடிக் கதவுதான்.

பைகளை எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் அனுப்பினார்கள். தவசிக்கண்ணுவின் பை உள்ளே போனதும் இயந்திரம் நின்றது. சீருடை போட்ட அதிகாரி திரையை உற்றுப் பார்த்தார். இன்னொருவரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் உற்றுப் பார்த்தார்கள்.

"இந்தப் பை யாருது? உள்ளே உருண்டையா என்னய்யா இருக்கு?"

"ஆறு கிலோ சார்" என்றார் தவசிக்கண்ணு.

"எடையைக் கேட்கலை. பொருள் என்ன?"

"எடைக்காகத்தான் சார் வச்சிருக்கோம். இல்லைன்னா ஒன்பதுதான் வரும்."

பையைத் திறந்தார்கள். குழவியை வெளியே எடுத்து, தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, ஒரு இயந்திரத்தால் தடவிப் பார்த்தார்கள். அதில் மிளகாய்ச் சாந்தைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. விமானத்தில் அம்மிக்குழவி கொண்டுபோகக் கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. அதிகாரி கொஞ்ச நேரம் சட்டத்தின் மீது கோபப்பட்டுவிட்டு, சரக்குப் பகுதியில் போட அனுமதித்தார்.

உள்ளே போய் உட்கார்ந்தார்கள். திரையில் எழுத்து மாறியது. விமானம் நாற்பது நிமிடம் தாமதம் என்று பக்கத்தில் இருந்தவர் படித்துச் சொன்னார். அங்கங்கே ஜனங்கள் உச்சுக்கொட்டினார்கள். கொம்பையா மட்டும் முகம் மலர்ந்தார்.

"அண்ணே, மொத்தமே ஐம்பது நிமிஷப் பயணம். அதுல நாற்பதை இங்கேயே கழிக்கச் சொல்லிட்டான். அப்புறம் பத்து நிமிஷந்தான் பாக்கி."

தவசிக்கண்ணு உடனே பரிதிக்குப் போன் போட்டார். "மருமகனே, நாங்க ஏர்போர்ட்டுல உட்காந்து பயணம் பண்ணிக்கிட்டு இருக்கோம். பெரும்பாகம் முடிஞ்சுது. ஏறினதும் பத்து நிமிஷத்துல அங்க இருப்போம்."

மறுமுனையில் பரிதி போனை அணைத்தான். அவன் பட்டு வேட்டியோடு மண்டப வாசலில் நின்றுகொண்டிருந்தான். உள்ளே அக்கா பையன் இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தான். பரிதி காரை எடுத்துக்கொண்டு ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினான்.

விமானம் கிளம்பியது. மேலே எழும்பிய பத்தாவது நிமிடம் மூன்று பேரும் ஒன்றாக எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார்கள். பணிப்பெண் ஓடி வந்தாள்.

"ஐயா, எங்க போறீங்க? பெல்ட் போட்டு உட்காருங்க."

"எங்க நேரம் முடிஞ்சுதும்மா. கதவைத் திற."

"இன்னும் அரை மணி நேரம் ஆகும்ங்கய்யா. நாம வானத்துல இருக்கோம்."

மூவரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். வானம்தான். திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். பூலோகத்துக்கு மனம் ஆறவில்லை.

"அப்ப கீழ உட்காந்திருந்த நாற்பது நிமிஷத்தை இவங்க வரவு வைக்கலை."

"வைக்காட்டிப் போறாங்க" என்றார் தவசிக்கண்ணு. "ஐம்பது சொல்லியிருக்காங்க. ஐம்பதையும் வாங்கிட்டுத்தான் இறங்கணும். ஒரு நிமிஷம் குறையக் கூடாது."

அப்போது விமானி ஒலிபெருக்கியில் பேசினார். நாம் இருபதாயிரம் அடி உயரத்தில், அதாவது ஆறு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறோம் என்றார். காற்று சாதகமாக இருப்பதால் நாற்பத்திரண்டு நிமிடத்திலேயே போய்ச் சேர்வோம் என்றும் சந்தோஷமாகச் சொன்னார்.

மூன்று பேரில் யாருக்கும் சந்தோஷம் வரவில்லை.

"மேல போக ஆறு, கீழ இறங்க ஆறு" என்று கொம்பையா விரல் மடக்கினார். "பன்னிரண்டு கிலோமீட்டரை மேலயும் கீழயுமாவே செலவழிச்சுட்டான் அண்ணே. அதையும் இந்த இருநூத்தி அறுபதுல சேர்த்தா, முன்னால போறது இருநூத்தி நாற்பத்தெட்டுதான். மண்டபத்துக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் முன்னாலயே நின்னுரும்."

"தரையை ஒட்டியே போயிருந்தா மிச்சமாயிருக்கும்" என்றார் பூலோகம்.

"வசதியானவன் வண்டி. பகட்டுக்கு மேல போறான்" என்றார் தவசிக்கண்ணு.

விமானம் சொன்னபடியே சீக்கிரமாக வெள்ளியங்கோட்டையில் இறங்கியது. எல்லாரும் அவசரம் அவசரமாக இறங்கிப் போனார்கள். மூன்று சகோதரர்கள் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பணிப்பெண் வந்தாள். அப்புறம் இன்னொரு பணிப்பெண் வந்தாள். அப்புறம் துடைப்பத்தோடு இரண்டு பேர் வந்தார்கள்.

"ஊர் வந்துடுச்சுங்கய்யா. இறங்கணும்."

"வந்தது தெரியுதும்மா. ஆனா எங்களுக்கு இன்னும் எட்டு நிமிஷம் பாக்கி இருக்கு."

"சீக்கிரமா வந்தா நல்லதுதானே?"

"ஐம்பது கிலோ நெல்லுக்குச் சொல்லிட்டு நாற்பத்திரண்டு கிலோ அளந்தா, நல்லதுன்னு வாங்கிட்டுப் போவியா?" என்று தவசிக்கண்ணு கேட்டார்.

கடைசியில் விமானியே வந்தார். நிமிடம் வேறு, நெல் வேறு என்று பொறுமையாக விளக்கினார். பூலோகம் அதைவிடப் பொறுமையாக மறுத்தார். விமானி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் தடவை விளக்க ஆரம்பித்தபோது கொம்பையா கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு நிமிடம் ஆகியிருந்தது. மூவரும் திருப்தியாக எழுந்து, விமானிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினார்கள்.

வாசலில் பரிதி காரோடு நின்றான். அவன் பேச வாயைத் திறப்பதற்குள் கொம்பையா அவன் தலைக்கு மேலே கையை நீட்டினார். அங்கே பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில், நகரம் 12 கி.மீ. என்று போட்டிருந்தது.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தவசிக்கண்ணு தம்பியின் தோளில் கை வைத்தார். "கணக்கு பிசகலை பாத்தியா."

அன்றிலிருந்து அந்த மூவரின் கணக்கில் ஒரு தப்பு கண்டுபிடிக்க உலகத்தில் யாராலும் முடியாமல் போனது.

சாமான் வெளியே வரக் காத்திருந்து, நகரத்து நெரிசலில் ஊர்ந்து கார் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது முகூர்த்தம் முடியக் கால்மணி நேரம்தான் இருந்தது. ஆவுடையம்மாள் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். அண்ணன்களைப் பார்த்ததும், சரி இனிமேல்தான் நிஜமாக அழ வேண்டியிருக்கும் என்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஓட்டமும் நடையுமாகச் சீர்ப் பைகளைத் திறந்து தட்டுகளில் அடுக்கினார்கள். பழம், வெற்றிலை, கருப்பட்டி எல்லாம் அடுக்கிய பிறகு, பெண் வீட்டு ஆள் ஒருவர் சால்வையைப் பிரித்தார். குழவி வெளியே வந்தது.

தெற்கத்திச் சீர் முறை இதுதான் போலிருக்கிறது என்று பெண் வீட்டார் நினைத்தார்கள். ஒரு பெண்மணி தயங்கித் தயங்கி அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு முழம் மல்லிகையும் சுற்றினாள். குழந்தைசாமி எட்டிப் பார்த்தார். முறை தெரியாதவர் என்று யாரும் தன்னை நினைத்துவிடக் கூடாது என்பதில் அவர் கவனமாக இருப்பவர்.

"குழவி வந்திருக்குதுங்க. அம்மி எங்கீங்க?"

"அது நாற்பது கிலோ வரும் சம்பந்தி. அளவுக்கு மேல போயிரும்" என்றார் தவசிக்கண்ணு.

"அதுவுஞ் செரிதானுங்க" என்று குழந்தைசாமி தலையாட்டினார்.

தட்டு மாறியது. அக்கா பையன் எழுந்து போய்ச் சாப்பிட உட்கார்ந்தான். சுகந்தி நீளமாக ஒரு மூச்சு விட்டாள். அதோடு கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும். ஆனால் சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது, கல்யாணத்தை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது.

"எங்க ஊர்லதாங்க வைக்கோணும்" என்றார் குழந்தைசாமி. "என்ற ஜனம் மட்டும் எண்ணூறு பேரு. அத்தனை பேரும் நானூறு கிலோமீட்டர் வரோணும்ங்களா?"

"எங்க ஜனம் மட்டும் இங்க வரணுமாக்கும்?" என்றார் பூலோகம். "எங்களுக்கு மட்டும் தூரம் குறைச்சலா?"

குரல்கள் உயர்ந்தன. யார் யாரைத் தேடிப் போவது என்பதுதான் விஷயம். தூரம் அதற்கு ஒரு சாக்கு. யாரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று தெரிந்ததால், பரிதி குறுக்கே புகுந்து ஒரு வழி சொன்னான்.

"ரெண்டு பேருக்கும் வேண்டாம். நடுவுல ஏதாவது ஒரு ஊர்ல வச்சுக்கலாம்."

இதை இரு தரப்பும் யோசித்தது. தவசிக்கண்ணு முதலில் ஒப்புக்கொண்டார். "நடுவுன்னா சரிதான். ஆனா எந்த நடு? ரோட்டு நடுவை நம்ப முடியாது. ரோடு வளைஞ்சு வளைஞ்சு போகுது. வளைவு எவன் பக்கம் அதிகமோ அவனுக்கு நஷ்டம்."

குழந்தைசாமி வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார். இந்தக் கோணத்தை அவர் யோசித்ததே இல்லை. "எங்க பக்கம் நெறைய வளைவுங்க. மலையச் சுத்தி வருது."

"அதான் சொல்லுதேன். ஆகாய வழி நேரா இருக்கு. யாருக்கும் வஞ்சகம் இல்லை. இருநூத்தி அறுபதுல பாதி நூத்தி முப்பது. உங்க பக்கம் நூத்தி முப்பது, எங்க பக்கம் நூத்தி முப்பது. அந்த இடத்துல கல்யாணம்."

"நாயமான பேச்சுங்க" என்றார் குழந்தைசாமி. அவர் தவசிக்கண்ணுவின் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வருடத்தில் இரு குடும்பமும் முழு மனதோடு ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் கைதட்டினார்கள். மீதிப் பாதி, பணக்காரர் இருவர் சேர்ந்து சொல்வதில் ஏதாவது அர்த்தம் இருக்கும் என்று பேசாமல் இருந்தார்கள்.

தூணுக்குப் பக்கத்தில் சுகந்தி பரிதியிடம் மெதுவாகக் கேட்டாள். "ரிஜிஸ்டர் ஆபீஸ் இங்கிருந்து எவ்வளவு தூரம் இருக்கும்?"

"ரெண்டு கிலோமீட்டர்."

"எந்த வழியா?"

"எந்த வழியாப் போனாலும் ரெண்டுதான்."

"அப்ப அதுவே போதுங்க" என்றாள் அவள். ஆவுடையம்மாள் அதைக் கேட்டும் கேட்காததுபோல் திரும்பி, தட்டில் மிச்சமிருந்த பூவை எடுத்து மருமகளின் தலையில் வைத்தாள்.

பெரியவர்களுக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. பேசி முடித்த சூட்டோடு இடத்தை நேரில் பார்த்துவிடுவதுதான் முறை என்று குழந்தைசாமி சொன்னார். சாயங்கால விமானத்தில் அவரும் மூன்று சகோதரர்களோடு ஏறினார். அவருக்கு முதல் வரிசையில் இடம் கிடைத்ததில் ரொம்பத் திருப்தி. விமானம் எழும்பி நிதானமானதும் தவசிக்கண்ணு தலைக்கு மேலிருந்த பொத்தானை அமுக்கினார். காலையில் வந்த அதே பணிப்பெண் வந்தாள். அவர்களைப் பார்த்ததும் அவள் நடை கொஞ்சம் தளர்ந்தது.

"சொல்லுங்கய்யா. என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம்மா" என்றார் தவசிக்கண்ணு கனிவாக. "பாதி தூரம் வந்ததும் ஒரு குரல் குடு. எண்ணூறு பேருக்குப் பந்தல் போட இடம் காணுமான்னு நாலு பேரும் இறங்கி ஒரு பார்வை பாத்துட்டு வந்துருதோம். அதுவரைக்கும் வண்டியை ஓரமா நிப்பாட்டி வைக்கச் சொல்லு."